உறையில் அச்சடித்த நாற்பது ஆம்பியர்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 26. பினாங்கின் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், பக்கத்து ஊரான பிறையில் வேலை. நண்பர் ஒருவரிடமிருந்து பழைய மெக் மோட் வேப் (மின்சிகரெட்) ஒன்றை 80 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். பித்தளைக் குழாய், ஒரே ஒரு 18650 பேட்டரி போடுவது. காயில், அதாவது திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள், 0.15 ஓம் என்று ஒரு வேப் கடைக்காரர் சொன்னார். என்னிடம் உள்ள மல்ட்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் 0.4 காட்டுகிறது. 0.4 என்றால் பத்து ஆம்பியர்தான், பயமில்லை என்று நினைத்தேன். பேட்டரி உறையிலும் கொள்ளளவு 3500 எம்ஏஎச், 40 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. ஆனால் தொடர்ந்து நாலைந்து தடவை இழுத்தால் குழாய் கையில் சுடுகிறது. உறையின் மேல் விளிம்பில் அரிசி அளவு கிழிசல் வேறு. அக்கா தூக்கி எறியச் சொல்கிறார். உண்மையிலேயே ஆபத்தா? எந்த பேட்டரி வாங்கலாம்? அடுத்த மாதம் ஒரு திருமணத்துக்காக விமானத்தில் சிங்கப்பூர் போகிறேன். கூடுதல் பேட்டரியைப் பெட்டிக்குள் வைக்கலாமா?

பதில்: தம்பி, மேற்கொண்டு படிப்பதற்கு முன் அந்தப் பேட்டரியைக் குழாயிலிருந்து வெளியே எடுத்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக வையுங்கள். சாவி, காசு, திருகாணி எதுவும் பக்கத்தில் வேண்டாம். வைத்துவிட்டு வாருங்கள், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் பாயான் லெப்பாசில் மின்னணுத் துறையில் இருப்பவன்; லித்தியம் கலங்களை, அதாவது இந்த வகை பேட்டரிகளை, சோதிப்பது என் வேலை. வேப் பிடிக்கலாமா கூடாதா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் அதற்குள் போகவில்லை. உங்கள் அக்கா அதைக் கவனித்துக்கொள்வார் என்று தெரிகிறது.

மல்ட்டிமீட்டரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் நிம்மதி முழுவதும் அந்த 0.4 மேல்தான் நிற்கிறது. மீட்டரை ஓம் அளவில் வைத்து, அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எதுவும் இல்லை, ஆகவே பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாது. சாதாரண மீட்டரில் 0.2 அல்லது 0.3 என்று நிற்கும். அது மீட்டரின் சொந்த ஒயர்களும் முனைகளும் தருகிற தடை. காயிலை அளக்கும்போதும் அந்தத் தடை கூடவே சேர்ந்துதான் எண்ணாக வருகிறது. உங்கள் 0.4-இலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது 0.1 அல்லது 0.2. கடைக்காரர் சொன்ன 0.15 சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இப்போது நீங்கள் போட்ட அதே கணக்கை மறுபடி போடுங்கள். முழுதாக மின்னேற்றிய பேட்டரி 4.2 வோல்ட். வோல்ட்டைத் தடையால் வகுத்தால் ஆம்பியர். 0.4 ஓமுக்கு 10.5 ஆம்பியர் என்பது சரி. 0.2 ஓமுக்கு 21. 0.15 ஓமுக்கு 28. 0.1 ஓமுக்கு 42. மீட்டரின் கடைசி இலக்கம் ஒரு படி தவறினால் மின்னோட்டம் இரண்டு மடங்காகிவிடுகிறது. ஒரு ஓமுக்குக் கீழே உள்ள எதையும் இந்த வகை மீட்டரை நம்பி அளக்கக் கூடாது. காயில் சுற்றுபவர்கள் வைத்திருக்கும் ஓம் மீட்டர் இரண்டு தசம இடம் வரை காட்டும், அதில்தான் பார்க்க வேண்டும். பேட்டரியின் உள்தடை, பட்டன், மரை எல்லாம் சேர்ந்து உண்மையான மின்னோட்டத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்று யாராவது சொல்வார்கள். சொல்வது சரிதான். ஆனால் பாதுகாப்புக் கணக்கில் அந்தத் தள்ளுபடியை யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

மெக் மோட் பற்றித் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்குள் மின்சுற்றுப் பலகை எதுவும் கிடையாது. பேட்டரி, பட்டன், காயில், அவ்வளவுதான். பட்டனை அழுத்தினால் காயில் கேட்கிற மின்னோட்டத்தைப் பேட்டரி கொடுத்தாக வேண்டும். "இது என் சக்திக்கு மேல்" என்று சொல்லி நிறுத்த அங்கே ஆளில்லை.

அடுத்தது உறையில் இருக்கும் 40 ஆம்பியர். 18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். கடைசி பூஜ்யம் உருளை வடிவத்தைக் குறிக்கிறது. எல்லா நிறுவனங்களுக்கும் அதே டப்பா அளவுதான். அதற்குள் அதிக நேரம் வரும் பேட்டரியைச் செய்ய வேண்டுமானால் மின்முனைத் தகட்டில் பூச்சைத் தடிப்பாகப் பூச வேண்டும். பூச்சு தடித்தால் அயனிகள் கடக்க வேண்டிய தூரம் கூடும், உள்தடை ஏறும், வேகமாக மின்னோட்டம் எடுத்தால் சூடாகும். வேகமாகக் கொடுக்கும் பேட்டரி வேண்டுமானால் பூச்சை மெலிதாக்க வேண்டும், கொள்ளளவு குறையும். பெயர் பெற்ற கலங்களின் எண்களைப் பாருங்கள். சாம்சுங் 25ஆர் 2500 எம்ஏஎச், தொடர்ச்சியாக 20 ஆம்பியர். சாம்சுங் 30கியூ 3000 எம்ஏஎச், ஆனால் 15 ஆம்பியர். எல்ஜி எச்ஜி2 3000 எம்ஏஎச், 20 ஆம்பியர். சோனியின் விடிசி5ஏ 2600 எம்ஏஎச், 25 ஆம்பியர். பானசோனிக்கின் என்சிஆர்18650பி 3400 எம்ஏஎச் வரை போகிறது, ஆனால் அது பத்து ஆம்பியர் கூடத் தாங்காத வகை. மடிக்கணினி போன்ற நிதானமான வேலைக்குச் செய்தது. இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் உங்கள் உறையின் 3500, 40 இரண்டையும் வைத்துப் பாருங்கள். ஒரு எண் பொய்யாக இருந்தாலே போதும், இங்கே இரண்டுமே பொய்யாக இருக்கலாம்.

எப்படி இப்படி அச்சாகிறது என்றால், கலத்தைச் செய்பவர் ஒருவர், உறை போடுபவர் வேறொருவர். பெரிய ஆலைகள் கழித்துவிட்ட தரத்தையோ பழைய மின்கலக் கட்டுகளிலிருந்து பிரித்தெடுத்ததையோ மொத்தமாக வாங்கி, பளபளப்பான உறை மாட்டி, மனத்துக்குப் பிடித்த எண்ணை அடித்து விற்கிறார்கள். சிலர் நேர்மையாகவே செய்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உறையைப் பார்த்து இருவரையும் பிரித்தறிய முடியாது. இன்னொரு தந்திரம், ஒரு சில விநாடிகள் மட்டும் தாங்கும் உச்ச மின்னோட்டத்தைப் பெரிய எழுத்தில் போடுவது. அந்த உச்சத்தை எத்தனை விநாடி, எந்தச் சூட்டில் அளப்பது என்பதில் ஆளுக்கு ஒரு முறை. "நாம் நாலு விநாடிதானே இழுக்கிறோம், உச்ச எண்ணையே பார்க்கலாம்" என்று வாதாடுபவர்கள் உண்டு. மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியிலோ பையிலோ பட்டன் அழுந்தியபடி கிடந்தால் நாலு விநாடியில் நிற்குமா? தொடர் மின்னோட்ட எண்ணை மட்டும் பாருங்கள். அது தெரியாத பேட்டரியை வாங்காதீர்கள்.

சாம்சுங், எல்ஜி போன்ற தயாரிப்பாளர்களே தங்கள் உருளைக் கலங்களைத் தனியாக வேப்பில் போடக் கூடாது என்று எச்சரித்திருக்கிறார்கள். கருவி நிறுவனங்கள் பாதுகாப்புப் பலகையோடு கட்டாகச் சேர்ப்பதற்காகத்தான் அவற்றை விற்கிறார்கள். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் 2021 ஜனவரியில் இதே எச்சரிக்கையை வெளியிட்டது. வேப் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி விற்பதால் அவை அதற்கென்றே செய்தவை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குழாய் சுடுவதற்கு வருகிறேன். எங்கே சுடுகிறது என்று எழுதவில்லை. மேலே, திரவம் இருக்கும் டேங்க் மாட்டும் பக்கம் மட்டும் சுட்டால் அது பெரும்பாலும் காயிலிலிருந்து இறங்கும் வெப்பம். நடுவிலும் அடியிலும் சுட்டால் பேட்டரியோ பட்டனோ சூடாகிறது, அதுதான் கவலைக்குரியது. நல்ல நிலையில் உள்ள கலத்தின் உள்தடை சுமார் 0.02 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 ஆம்பியர் போனால் அதற்குள்ளேயே 2 வாட் வெப்பம் பிறக்கும். 25 ஆம்பியர் போனால் 12.5 வாட். மின்னோட்டம் இரண்டரை மடங்கு, வெப்பம் ஆறு மடங்குக்கு மேல். 45 கிராம் எடையுள்ள ஒரு கலத்துக்குள் சின்னச் சால்டரிங் அயர்ன் ஒன்றைச் செருகி வைத்தது போல. பேட்டரி பழசாக ஆக உள்தடை ஏறும், கணக்கு இன்னும் மோசமாகும். நல்ல காயிலுக்கும் நல்ல பேட்டரிக்கும் கையில் வெதுவெதுப்பு தெரிய வேண்டும், சுடக் கூடாது.

சூடு ஏறிக்கொண்டே போனால் உள்ளே இரண்டு தகடுகளுக்கும் நடுவில் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள் 130 டிகிரி செல்சியஸ் சுற்றில் உருகத் தொடங்கும். தகடுகள் நேருக்கு நேர் தொட்டுவிட்டால் அதன் பிறகு பட்டனை விட்டாலும் நிற்காது. கலம் தானாகவே தன்னைச் சூடாக்கிக்கொள்ளும். முதலில் வாயு பீறிடும், பிறகு எரியும். திறந்த வெளியில் இது தீ. இருபுறமும் மரை போட்டு அடைத்த பித்தளைக் குழாய்க்குள் இது வெடி. உங்கள் குழாயின் அடியிலோ பக்கவாட்டிலோ வாயு வெளியேறத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2019 ஜனவரியில் டெக்சாசில் 24 வயது இளைஞர் ஒருவர் வேப் வெடித்து, சிதறிய உலோகத் துண்டு கழுத்து இரத்தக் குழாயை அறுத்ததில் இறந்தார். அப்படி நடப்பது அரிது. ஆனால் முகத்துக்கு நேரே பிடித்திருக்கும் பொருளில் அரிது என்பது எனக்குப் போதுமான சமாதானமாக இல்லை.

அந்த அரிசி அளவுக் கிழிசலை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், பேட்டரியின் அடிப்பகுதி மட்டுமே எதிர்முனை என்று பலர் நினைக்கிறார்கள். உறைக்கு அடியில் உள்ள டப்பா முழுவதும், பக்கச் சுவர், மேல் விளிம்பு உட்பட, எதிர்முனைதான். நடுவில் உள்ள சின்னப் பொத்தான் மட்டும் நேர்முனை. அந்தப் பொத்தானுக்கும் விளிம்புக்கும் நடுவே இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர். அங்கே காவல் இருப்பது ஒரு காகித வளையமும் உறையின் மடிப்பும்தான். உங்கள் கிழிசல் சரியாக அந்த இடத்தில் இருக்கிறது. டேங்க் நேரடியாகப் பேட்டரியில் உட்காரும் ஹைபிரிட் வகைக் குழாயாக இருந்தால் இன்னும் மோசம். டேங்க்கின் நடு ஊசி நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது மரையோடு சமமாக அமுங்கியிருந்தால் மரையின் விளிம்பே பேட்டரியின் தலையில் உட்கார்ந்து நேர் எதிர் இரண்டையும் இணைத்துவிடும். அப்படி நேரடியாக இணைந்தால் பாயும் மின்னோட்டம் நூறு ஆம்பியரையும் தாண்டக்கூடும்.

உறை கிழிவது மட்டும் பெரிய குற்றமில்லை. நல்ல பேட்டரிக்குப் புது உறை மாட்டலாம். பழைய உறையைப் பிளேடால் கீறாமல் நகத்தால் உரித்து, காகித வளையத்தைப் புதிதாக வைத்து, சுருங்கும் பிளாஸ்டிக் உறையை இருபுறமும் ஓரிரு மில்லிமீட்டர் மடியும்படி மாட்டி, முடி உலர்த்தும் டிரையரின் சூட்டைச் சுற்றிலும் சில விநாடி காட்டினால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் உங்கள் பேட்டரிக்கு இந்த வேலை வேண்டாம். யார் செய்தது என்றே தெரியாத, ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சூடான கலம் அது. இரு முனைகளிலும் மின்காப்பு டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை லாரி நசுக்கும்போது தீப்பிடிக்கக்கூடும்.

எந்த பேட்டரி வாங்கலாம் என்ற கேள்விக்கு நேரடிப் பதில்: 0.15 ஓம் காயிலோடு அந்தக் குழாய்க்கு நான் எதையும் சிபாரிசு செய்ய மாட்டேன். மெக்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் காயில் 0.3 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. அப்போது உச்சம் 14 ஆம்பியர். உண்மையான 20 ஆம்பியர் கலம் முக்கால் பங்கு சுமைக்குள் நிற்கும். இரட்டைக் காயில் போட்டால் தடை பாதியாகும் என்பதை மறந்துவிடாதீர்கள். இரண்டு பேட்டரியை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் நீளக் குழாய் பக்கமே போகாதீர்கள்; அங்கே 8.4 வோல்ட், அதே 0.3 ஓமுக்கு 28 ஆம்பியர்.

நான் சொல்வது, மின்சுற்றுப் பலகை வைத்த, வாட் திருத்தக்கூடிய கருவிக்கு மாறுங்கள். மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நேரடி இணைப்பு ஏற்பட்டாலோ, பட்டன் அழுந்திக் கிடந்தாலோ, பேட்டரி வோல்ட் மிகவும் இறங்கினாலோ அது தானாக நிறுத்தும். ஆனால் அதிலும் ஒரு கணக்கு உண்டு, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே பேட்டரி கொடுக்கும் மின்னோட்டத்தைக் காயில் தீர்மானிப்பதில்லை, நீங்கள் வைக்கும் வாட் தீர்மானிக்கிறது. பேட்டரி தீரத் தீர வோல்ட் இறங்கும், அதே வாட்டைக் கொடுக்க அது அதிக ஆம்பியர் தள்ள வேண்டியிருக்கும். ஆகவே மோசமான நேரத்தை வைத்துக் கணக்கிட வேண்டும்: வாட்டை, பேட்டரி தீரும் தறுவாயில் உள்ள 3.2 வோல்ட்டால் வகுத்து, பலகை விழுங்கும் மின்சக்திக்காக அதை மீண்டும் 0.9 ஆல் வகுங்கள். ஒற்றைப் பேட்டரியில் 40 வாட் என்றால் 14 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. 55 வாட் என்றால் 19. 80 வாட் என்றால் கிட்டத்தட்ட 28, அதாவது நீங்கள் ஓடிவந்த இடத்துக்கே திரும்பிவிட்டீர்கள். 20 ஆம்பியர் கலத்தோடு 50 வாட்டைத் தாண்டாதீர்கள். கருவியின் பெட்டியில் 80 வாட், 100 வாட் என்று போட்டிருப்பது பலகையின் திறமை, பேட்டரியின் திறமை இல்லை. இரண்டு பேட்டரிக் கருவி என்றால் சுமை பாதியாகும். அந்த ஜோடியைச் சேர்த்தே வாங்கி, சேர்த்தே மின்னேற்றி, சேர்த்தே ஓய்வு கொடுங்கள்.

கால்சட்டைப் பையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை நடந்த 195 வேப் தீ, வெடிப்புச் சம்பவங்களைத் தொகுத்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பையில் இருக்கும்போது நடந்தவை, ஆளே இழுக்கவில்லை. கருவி மட்டுமன்றித் தனியாகக் கிடந்த பேட்டரியும் அதில் சேர்த்தி. மோட்டார் சாவி ஒன்று போதும் இணைப்பு ஏற்படுத்த. இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளிக்குப் பிளாஸ்டிக் பேட்டரி டப்பா கிடைக்கிறது, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டார் இருக்கைக்கு அடியிலும், வெயிலில் நிறுத்திய கார் டேஷ்போர்டிலும் வைக்காதீர்கள். பிறையில் மதிய வெயிலுக்குத் திறந்த வெளியில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், கலத்தை வைத்திருக்க அனுமதிக்கப்பட்ட சூடே அவ்வளவுதான்.

சீறும் சத்தமோ, வார்னிஷ் போன்ற இனிப்பு நெடியோ வந்தால் கருவியைச் சிமெண்டுத் தரையில் வீசிவிட்டு விலகுங்கள். புகையைச் சுவாசிக்காதீர்கள். திரும்பி எடுக்கப் போகாதீர்கள், 999-ஐ அழையுங்கள். காயம் பட்டால் அந்தத் துணியைக் கழற்றி, ஒட்டியிருந்தால் அப்படியே விட்டுவிட்டு, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசையும் கிச்சாப்பும் தடவாதீர்கள், நம் வீடுகளில் இன்னும் தடவுகிறார்கள். பிறகு நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு.

குழாயை யாரிடமாவது தள்ளிவிடலாம் என்று தோன்றும். வாங்க வருபவர் உங்களைவிடச் சின்னவராக இருப்பார். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்பது, புகைப்பொருள் கட்டுப்பாட்டுக்கான மலேசியாவின் 852ஆம் சட்டப்படி 2024 அக்டோபர் 1 முதல் குற்றம். 80 வெள்ளி போனது போகட்டும்.

கடைசியாகப் பயணம். கூடுதல் பேட்டரியும் வேப் கருவியும் விமானத்தின் சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் இருக்கவே கூடாது. முனை மூடிய டப்பாவில், கையோடு கொண்டுபோகும் பையில்தான் இருக்க வேண்டும். சரக்கு அறையில் தீப்பிடித்தால் அங்கே போய் அணைக்க ஆளில்லை. ஆனால் உங்களுக்கு இந்த விதி தேவைப்படப் போவதில்லை. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி 1 முதல் வேப்பை வாங்குவதும் பயன்படுத்துவதும் மட்டுமன்றி வைத்திருப்பதே குற்றம், 2025 செப்டம்பரிலிருந்து நடவடிக்கை இன்னும் கடுமை. ஹாட்ஞாய் போகும் பினாங்குக்காரர்களும் கவனிக்க, தாய்லாந்திலும் தடைதான். ஆகவே கருவியை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். புதிதாக வாங்கிய பேட்டரியை அதிலிருந்து எடுத்து, முழுதாக மின்னேற்றாமல் 3.7 வோல்ட் அளவில், டப்பாவில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.